தஞ்ச மனுவுக்கான பாதிச் சரக்கு நம்மூர்ப் பெட்டியில் இருக்கிறது

அணைக்கட்டு இருந்தால் பக்கத்தில் ஒரு முகாமும் இருக்கும் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு, காரிமங்கலம் பக்கம் தும்பலஅள்ளி, பென்னாகரம் பக்கம் நாகாவதி, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வாணியாறு. 1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது ராமேசுவரம் கரையில் இறங்கி, மண்டபத்தில் பதிவாகி, கடலே கண்ணில் படாத இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. 2021ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. ஆட்கள் அதே ஆட்கள்தான். ஆண்கள் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் டிகிரி முடிக்கிறார்கள், சொந்தத்தில் யாராவது ஒருவர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்.

அந்த ஒருவரிடமிருந்து திடீரென்று போன் வரும். "அம்மா, வக்கீல் கேட்கிறார். மண்டபத்துல குடுத்த பதிவுச் சீட்டு இருக்கா? அப்பாவோட இலங்கை அடையாள அட்டை எங்க? சித்தப்பாவைப் பிடிச்சுட்டுப் போனது எந்த வருஷம்?" முப்பது வருடம் முந்திய காகிதம் இப்போது எதற்கு என்று வீட்டில் இருப்பவர்களுக்கு விளங்காது. வெளிநாட்டில் தஞ்சம் கேட்பது என்றால் அங்கே போய் நடந்ததைச் சொல்வது, வக்கீல் திறமையாகப் பேசினால் ஜெயிப்பது என்றுதான் இங்கே பொதுவான நினைப்பு. உண்மையில் மனு என்ற கட்டடம் அங்கே எழும்புகிறது, கல்லும் மணலும் இங்கிருந்து போக வேண்டியிருக்கிறது. எந்தக் கல் எதற்கு என்று தெரிந்தால்தான் இங்கிருப்பவர்கள் சரியானதைத் தேடி அனுப்ப முடியும்.

சட்டத்தின் அடிப்படை சிறியது. 1951ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையும் அதை விரிவாக்கிய 1967ம் ஆண்டு நெறிமுறையும்தான் பெரும்பாலான நாடுகளுக்கு அடித்தளம். இந்தியா இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை. இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது ஆகிய ஐந்தில் ஒரு காரணத்துக்காகத் தன் நாட்டில் கொடுமைக்கு ஆளாவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். அந்த நாட்டு அரசு காப்பாற்றாது அல்லது காப்பாற்ற முடியாது என்றும் தெரிய வேண்டும். வறுமை, கடன், வேலையின்மை, பொதுவாக நாட்டு நிலைமை சரியில்லை என்பதெல்லாம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் தனியாக நின்றால் இதில் சேராது. அச்சம் என்றால் நூற்றுக்கு நூறு நடந்தே தீரும் என்று நிரூபிக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால்கூட அச்சம் நியாயமானதாக இருக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987ல் கார்டோசா-பொன்சேகா வழக்கில் சொல்லிவிட்டது.

எந்த நாட்டைக் கண்டு பயம்?

முகாம் பிள்ளைகளின் மனு பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். பாம்பாறில் பிறந்து வளர்ந்த பெண்ணைக் கேட்டால் அவளுடைய கஷ்டம் முழுக்க இங்கே நடந்தது. பத்துக்குப் பத்து வீடு, கணக்கெடுப்பு நாளில் ஆள் இருந்தாக வேண்டிய கட்டாயம், கியூ பிரிவு எனப்படும் தமிழகப் போலீஸ் உளவுப் பிரிவின் விசாரணை, படிப்புக்கு ஏற்ற அரசு வேலை இல்லாதது. இயல்பாகவே மனுவிலும் அதைத்தான் எழுதுவாள். ஆனால் சட்டம் கேட்பது அவள் குடியுரிமை பெற்றிருக்கும் நாட்டைப் பற்றி. அவள் இலங்கைக் குடிமகள் என்றால், கால் பதிக்காத இலங்கையில் தனக்கு என்ன ஆகும் என்பதைத்தான் காட்ட வேண்டும். இந்திய முகாம் வாழ்க்கை அதற்குப் பின்னணி மட்டுமே.

அப்படியானால் அவள் எந்த நாட்டுக் குடிமகள்? இதற்குப் பதில் பிறந்த தேதியில் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகியது. 1986ல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022ல் உத்தரவிட்டது இந்தக் கணக்கில்தான். ஆகவே 1986ல் பிறந்த அண்ணனும் 1991ல் பிறந்த தங்கையும் ஒரே முகாமில் ஒரே வீட்டில் வளர்ந்திருந்தாலும் டொராண்டோவில் இருவருடைய கேஸும் வேறு வேறு. அண்ணன் சட்டப்படி இந்தியர் என்று அதிகாரி பிடித்துக்கொண்டால், இலங்கையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை. இரண்டு நாட்டுக் குடியுரிமை இருந்தால் இரண்டு நாட்டையும் பற்றிய அச்சத்தைக் காட்ட வேண்டும் என்பது உடன்படிக்கையிலேயே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழை வக்கீல் முதல் நாளே கேட்பது இதனால்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. "முப்பது வருடம் இந்தியாவில் பத்திரமாகத்தானே இருந்தீர்கள், அங்கேயே நிலையாகக் குடியேறிவிட்டதாகத்தானே அர்த்தம்?" என்று கேட்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் வேறொரு நாட்டில் நிலையாகக் குடியமர்ந்துவிட்டவருக்குத் தஞ்சம் கிடையாது. இந்தக் கேள்விக்கு முகாம் காகிதங்களே பதில் சொல்லும். அகதிக் குடும்ப அட்டை, மாதப் பணக்கொடைப் பதிவு, இந்தியக் குடியுரிமை இல்லை என்பதைக் காட்டும் கல்லூரிச் சேர்க்கைத் தாள் எல்லாமே இந்தியா நிரந்தர உரிமை எதையும் தரவில்லை என்பதற்குச் சான்று. 2019ம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு 2025ல் மத்திய அரசு தந்தது, பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்ற விலக்கு. குடியுரிமை வேறு, விலக்கு வேறு. மனுவில் இந்த வேறுபாடு ஒரு பக்கமாவது விளக்கப்பட்டிருக்க வேண்டும். டொராண்டோவிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது தானாகத் தெரியாது.

இன்னொரு சிக்கல் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகம். முகாமிலிருந்து வெளிநாடு போனவர்கள் பலர் அங்கே போய் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்துத்தான் கிளம்புகிறார்கள். "பயப்படுகிற அரசிடமே பாஸ்போர்ட் கேட்டு வாங்கினீர்களா?" என்ற கேள்வி விசாரணையில் வந்தே தீரும். பயணம் செய்ய வேறு வழியில்லை, நேரில் போனது யார், எப்போது, எவ்வளவு நேரம், என்ன கேட்டார்கள் என்று முன்கூட்டியே வாக்குமூலத்தில் எழுதிவைத்துவிட்டால் அது சாதாரண விஷயமாகப் போய்விடும். மறைத்துவைத்து விசாரணையில் வெளிவந்தால் கேஸே ஆட்டம் காணும்.

உள்ளூர்க்காரர் தஞ்சம் கேட்டால்

முகாமில் இல்லாத, இந்தியக் குடிமக்களான தருமபுரிக்காரர்களும் சாதி மறுப்புத் திருமணம் காரணமாகத் தஞ்சம் கேட்கும் நிலை வரலாம். 2012 நவம்பர் 7ல் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகள் ஒரு காதல் திருமணத்தை முன்வைத்து எரிக்கப்பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்தச் சம்பவம் பற்றிய செய்திகளும் அறிக்கைகளும் இம்மாதிரி மனுவில் வலுவான பின்னணிச் சான்று. இருந்தாலும் பின்னணி மட்டும் போதாது. மனுதாரரைத் தேடி யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், போலீஸ் என்ன செய்தது என்பது தனியாக வேண்டும்.

இவர்களுக்குப் பெரிய தடை வேறு. "தருமபுரியில் ஆபத்து, சரி. பெங்களூரிலோ டெல்லியிலோ போய் வாழ முடியாதா?" இந்தியா போன்ற பெரிய நாட்டிலிருந்து வரும் மனுக்களில் நிறைய இந்த ஒரு கேள்வியில் விழுகின்றன. கனடாவில் இந்தக் கேள்விக்கான அளவுகோலை வகுத்த இரண்டு தீர்ப்புகளுமே தமிழர் வழக்குகள். 1990களின் தொடக்கத்தில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த ரசரத்தினம், திருநாவுக்கரசு தீர்ப்புகள் அவை. யாழ்ப்பாணம் வேண்டாம், கொழும்பில் இருக்கலாமே என்பதுதான் அன்றைய வாதம். அங்கே போனால் கொடுமை நேரும் என்ற உண்மையான வாய்ப்பு இருக்கிறதா, இல்லையென்றாலும் அங்கே போகச் சொல்வது இந்த மனிதருக்கு நியாயமா என்று இரண்டு படியாகப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. மலைக்குகையிலோ காட்டிலோ ஒளிந்து வாழச் சொல்லக்கூடாது என்றது நீதிமன்றம். அதே நேரம் அந்த ஊரில் சொந்தக்காரர் இல்லை, வானிலை ஒத்துவராது, பிடித்த வேலை கிடைக்காது என்பவை காரணமாகாது என்றும் சொன்னது.

ஆகவே ஓசூர் தாண்டி பெங்களூரில் ஆறு மாதம் ஒளிந்திருந்த ஜோடி, அங்கேயும் ஆட்கள் தேடி வந்தார்கள் என்றால், அந்த ஆறு மாதம்தான் மனுவின் இதயம். வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரருக்கு வந்த போன், பக்கத்து வீட்டுக்காரரின் வாக்குமூலம் எல்லாம் பொன். இதில் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. 2018ல் சக்தி வாகினி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணவக் கொலையைத் தடுக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் என்று உத்தரவிட்டதை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும். அரசு பாதுகாக்கத்தானே செய்கிறது என்பார்கள். காகிதத்தில் இருப்பது நடைமுறையில் கிடைக்கவில்லை என்று காட்ட, போலீசிடம் போனதற்கும் அவர்கள் கைவிரித்ததற்கும் சான்று வேண்டும். பயத்தில் போலீசுக்கே போகவில்லை என்றால் அதற்கான காரணத்தையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வக்கீலோடு உட்கார்ந்து எழுதுவது

அமெரிக்காவில் ஐ-589 படிவம், கனடாவில் கோரிக்கையின் அடிப்படை என்ற படிவம், பிரிட்டனில் கேள்வித்தாளும் நீண்ட நேர்காணலும். எந்த நாடானாலும் நடுநாயகம் மனுதாரரின் சொந்த வாக்குமூலம். நல்ல வக்கீல் இதை ஒரே உட்காரலில் முடிக்க மாட்டார். முதல் தடவை சும்மா கேட்பார். அடுத்த தடவை அதே சம்பவத்தைப் பின்னாலிருந்து கேட்பார். விமான நிலையத்திலோ எல்லையிலோ முதலில் என்ன சொன்னீர்கள் என்பதன் அரசுப் பதிவை வாங்கி வைத்து ஒப்பிடுவார்.

வித்தியாசம் எப்படி இருக்கும் என்று கற்பனையாக ஒன்று காட்டுகிறேன். "என் குடும்பம் புலிகளோடு தொடர்புடையது என்று ராணுவம் சந்தேகிக்கிறது. திரும்பிப் போனால் எனக்குப் பாதுகாப்பு இல்லை." இப்படி எழுதிய மனுக்கள் கட்டுக்கட்டாக வந்துகொண்டிருக்கின்றன, அதிகாரி கண் அதில் நிற்காது. இதே விஷயத்தை இப்படி எழுதலாம்: "என் சித்தப்பா 2009 மே மாதம் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ராணுவத்திடம் சரணடைந்தார். என் அத்தை அதைப் பார்த்தார். அதன் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. அத்தை செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த தாளின் நகல் இணைப்பு 7. கிளிநொச்சியில் அத்தை வீட்டுக்கு இரண்டு பேர் வந்து, இந்தியாவில் இருக்கும் அண்ணன் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். அவர் என் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இணைப்பு 8." பயம் என்ற சொல்லே இதில் இல்லை, ஆனால் படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல எழுதுவது பெரிய வினை. ஆடி மாதம், பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் கழித்து என்று நினைவிருந்தால் அப்படியே எழுதலாம். "ஜூலை கடைசி அல்லது ஆகஸ்டு தொடக்கம் இருக்கலாம்" என்பது பலவீனம் ஆகாது. துல்லியமாக ஜூலை 23 என்று எழுதிவிட்டு நேர்காணலில் ஆகஸ்டு என்றால்தான் வம்பு. அமெரிக்காவில் 2005ம் ஆண்டின் ரியல் ஐடி சட்டத்துக்குப் பிறகு, கேஸின் மையத்துக்குச் சம்பந்தமில்லாத சின்ன முரண்பாட்டை வைத்தும் நம்பகத்தன்மை இல்லை என்று சொல்ல முடியும். நம்மூர் வழக்கப்படி 04/07 என்றால் ஜூலை 4. அமெரிக்கருக்கு அது ஏப்ரல் 7. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுவது நல்லது.

பெயரும் இப்படித்தான். பள்ளி மாற்றுச் சான்றிதழில் இன்ஷியலோடு ஒன்று, ஆதாரில் அப்பா பெயரைச் சேர்த்து ஒன்று, பாஸ்போர்ட்டில் முன்பின் மாறி ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட பிறந்த தேதி வேறு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று வாக்குமூலத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இங்கிருந்து அனுப்ப வேண்டியவை

போலீஸ் புகார் என்றால் எல்லோரும் எப்ஐஆர் மட்டும் தேடுகிறார்கள். நிறையப் புகார்கள் எப்ஐஆர் ஆகவே ஆவதில்லை என்பது நமக்குத் தெரியும். மனு வாங்கியதற்குக் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீதும் புகார் கொடுத்ததற்குச் சான்றுதான், போலீஸ் மேலே நகரவில்லை என்பதற்கும் அதுவே சான்று. அடிபட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது எல்லோரும் ஏஆர் காப்பி என்று சொல்வது, இருக்கும். 'தெரிந்த நபர்கள் தாக்கியதாக' என்று அன்றே டாக்டர் எழுதிய ஒரு வரி, பின்னால் எழுதி வாங்கும் பத்து வாக்குமூலத்துக்குச் சமம்.

சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் வாக்குமூலங்களை முத்திரைத்தாளில் நோட்டரி வாங்கி அனுப்புகிறார்கள். நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டவர் யார் என்பதை மட்டும் உறுதி செய்யும், உள்ளே சொன்னது உண்மை என்று சொல்லாது. ஆறு பேர் கொடுத்த ஆறு தாளும் ஒரே டைப்பிங் சென்டரில் ஒரே வாசகத்தில் அடிக்கப்பட்டிருந்தால் அது கேஸைக் கெடுக்கும். ஒவ்வொருவரும் தாம் கண்ணால் கண்டதை மட்டும், தம் வார்த்தையில், அடையாள அட்டை நகலோடு கையால் எழுதினாலே போதும். அப்புறம் மொழிபெயர்ப்பு. தமிழ்த் தாளோடு முழு மொழிபெயர்ப்பும், இரண்டு மொழியும் தெரியும், சரியாகத்தான் மொழிபெயர்த்தேன் என்று மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். முத்திரையில் என்ன இருக்கிறது, ஓரத்தில் என்ன கிறுக்கியிருக்கிறது என்பதும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும்.

உடம்பே சான்றாகும் இடமும் உண்டு. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019ல் தீர்ப்பளித்த கேவி வழக்கில் மனுதாரர் இலங்கைத் தமிழர். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கையில் சுட்டதில் மயங்கிப் போனேன், மயக்கத்தில் இருக்கும்போது முதுகிலும் சுட்டார்கள் என்பது அவர் சொன்னது. கீழ்த் தீர்ப்பாயமோ, தஞ்சம் வாங்குவதற்காக அவரே யாரையோ வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்படித் தனக்குத்தானே செய்துகொள்பவர்கள் மிக மிக அரிது என்பதையும், காயம் எப்படி ஏற்பட்டது என்று மனுதாரர் சொல்வதோடு தழும்பு பொருந்துகிறதா என்று டாக்டர் கருத்துச் சொல்லலாம் என்பதையும் தெளிவாக்கியது. சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறையில் பொருந்தவில்லை என்பதிலிருந்து, வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்பது வரை ஐந்து படிகள் இருக்கின்றன. அந்தப் பயிற்சி உள்ள டாக்டரிடம் வக்கீலே அனுப்புவார். நம்மூர் டாக்டர் லெட்டர்பேடில் 'பழைய காயம்' என்று எழுதித் தருவது இதற்கு ஈடாகாது.

புலிகள் தொடர்பு பற்றி ஒரு வார்த்தை. இந்தியா 1992லும் அமெரிக்கா 1997லும் பிரிட்டன் 2001லும் கனடா 2006லும் புலிகளைத் தடை செய்தன. அமெரிக்கச் சட்டத்தில் அந்த அமைப்புக்குச் சோறு போட்டது, காசு கொடுத்தது, சாமான் ஏற்றிவிட்டதுகூடப் பொருளுதவி என்ற தடையில் வரலாம். மிரட்டித்தான் வாங்கினார்கள் என்றால் விலக்கு கேட்க வழியுண்டு, தானாக வராது. புலிகளோடு இருந்த தொடர்பால்தான் ராணுவம் தேடுகிறது என்ற ஒரே உண்மை, ஒரு பக்கம் தஞ்சத்துக்குக் காரணமாகவும் மறுபக்கம் தடையாகவும் நிற்கிறது. இதை எப்படி எழுதுவது என்பது வக்கீல் தவிர வேறு யாரும் தொடக்கூடாத வேலை. அவரிடம் சொல்வது இலங்கைத் தூதரகத்துக்கோ கியூ பிரிவுக்கோ போகாது. தொழில் ரகசியமாகக் காக்க அவர் கடமைப்பட்டவர்.

ஏஜென்ட் கேஸ் எழுதித் தருவான் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்துப் பேருக்கு ஒரே கதையை ஊர்ப்பெயர் மாற்றித் தருவது அவர்கள் வேலை. அமெரிக்காவில் தெரிந்தே பொய் மனு கொடுத்ததாக முடிவானால் எந்தக் குடிவரவுச் சலுகையும் வாழ்நாள் முழுக்கக் கிடைக்காது. உண்மையிலேயே அடிபட்டவர்கூட, தன் சொந்தக் கதை எடுபடாது என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி அவன் கதையை வாங்கிக்கொண்டால் அங்கேயே தொலைந்தார். எழுதிக் கொடுப்பவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது கஷ்டமில்லை. அமெரிக்காவில் மாநில வழக்கறிஞர் சங்கம் அல்லது நீதி அமைச்சகத்தின் அங்கீகாரம், கனடாவில் மாகாண வழக்கறிஞர் சங்கம், பிரிட்டனில் 2025ல் பெயர் மாறிய குடிவரவு ஆலோசனை ஆணையம், மூன்றும் பதிவை இணையத்தில் வைத்திருக்கின்றன. காசு இல்லாதவர்களுக்கு ஒன்டாரியோவிலும் பிரிட்டனிலும் சட்ட உதவி உண்டு. அமெரிக்காவில் அரசு வக்கீல் வைத்துத் தராது, ஆனால் இலவசமாக வாதாடும் அமைப்புகளின் பட்டியலைக் குடிவரவு நீதிமன்றமே தரும். மனுவுக்கு அங்கே கட்டணமே இல்லாமல் இருந்தது, 2025 ஜூலையில் 100 டாலர் கட்டணமும், அதன் பிறகு மனு நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் தனிக் கட்டணமும் வந்தன.

கெடுவைப் பற்றி வீட்டில் இருப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும், விலக்குகள் குறைவு. பிரிட்டனில் அப்படி ஒரு கெடு இல்லாவிட்டாலும் தாமதித்ததையே நம்பகத்தன்மைக்கு எதிராக எடுத்துக்கொள்ள 2004ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே "காகிதம் எல்லாம் வந்து சேரட்டும், அப்புறம் போடலாம்" என்று காத்திருப்பதைவிட, கையில் இருப்பதை வைத்து மனு போட்டுவிட்டு மற்றதைப் பிறகு சேர்ப்பதுதான் வழக்கம். விலாசமும் அப்படிக் கவனிக்க வேண்டியது. அறை மாறினால் அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்துக்கு ஐந்து நாளுக்குள்ளும், குடிவரவுத் துறைக்குப் பத்து நாளுக்குள்ளும் தனித்தனிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். விசாரணைத் தேதி பழைய விலாசத்துக்குப் போய், ஆள் வராமல், அவர் இல்லாமலேயே நாடு கடத்தும் உத்தரவு போடப்படுவது அங்கே அன்றாடம் நடப்பது.